ஊர் உறங்கும்போது விழித்திருப்பவர்கள்

மாஸ்கோ கிரெம்ளினின் மதிலைப் பார்த்தபடி, மனேஷ் மண்டபத்துக்கு எதிர்ச்சாரியில் ஓடுகிறது மொகவாயா தெரு. அதில் 11ஆம் எண் வளாகத்தின் முன்னே எழுத்தாளர்கள் ஹெர்சனும் ஒகர்யோவும் சிலைகளாக நிற்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் சிவப்புச் சதுக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்ததோ இந்த வாசலை. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இந்த வளாகத்துக்குள் இருக்கிறது. 1966இல் தொடங்கிய துறை. அதன் முதல் தலைவர் லியோந்தியேவ், உளவியலாளர் விகோத்ஸ்கியோடு சேர்ந்து வேலை செய்தவர். இங்கே படித்த திமித்ரி தாவிதோவ் என்ற மாணவர் 1986-87வாக்கில் ஒரு விளையாட்டை உருவாக்கினார். படித்துக்கொண்டே பள்ளி மாணவர்களுக்குப் பாடமும் நடத்தியவர் அவர். அந்த விளையாட்டின் பெயர் மாஃபியா.

தாவிதோவ் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் எல்லாம் தெரிந்த கூட்டம் ஒருபக்கம். எண்ணிக்கையில் மிகுந்த, ஆனால் ஒன்றுமே தெரியாத கூட்டம் மறுபக்கம். இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் யார் வெல்வார்கள்? வகுப்பறையிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து கோடை முகாமுக்கும், அங்கிருந்து நாடு கடந்தும் விளையாட்டு பரவியது. 1997இல் ஆண்ட்ரூ புளாட்கின் என்ற அமெரிக்கர் மாஃபியாவை எடுத்துவிட்டு ஓநாய் மனிதர்களை வைத்தார். 2018இல் வந்து, 2020இன் ஊரடங்கில் நம் பிள்ளைகளின் கைபேசிகளையெல்லாம் பிடித்துக்கொண்ட 'அமாங் அஸ்' இதே குடும்பத்தில் பிறந்ததுதான். பிறந்த வீட்டு வாசலில் அதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. காவலர் என்னை உள்ளே விடவும் இல்லை. பனி கொட்டத் தொடங்கியதும் மெட்ரோவைப் பிடித்து கசான்ஸ்கி ரயில் நிலையத்துக்குப் போனேன்.

அங்கிருந்து கசான் நகரத்துக்குப் போவதற்குக் காரணம் ஒரு தம்பி. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து அங்கே மருத்துவம் படிக்கிறவன். என் சிநேகிதியின் உறவுக்காரப் பையன். "மாஸ்கோவில கட்டடத்தைத்தான் பார்ப்பீங்கக்கா. ஆட்டத்தைப் பார்க்கணும்னா எங்க ஊருக்கு வாங்க" என்று ஃபோனில் சொல்லியிருந்தான். மாஸ்கோவில் ஏதோ வேலையாக வந்தவன், நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தான். லெனின் சமாதியைக் கட்டிய ஷூசெவ் வடிவமைத்த நிலையம் இது. அதன் கோபுரம் கசானில் இருக்கும் சுயும்பிகே கோபுரத்தின் சாயலில் எழுப்பப்பட்டது. போகப்போகும் ஊரை இங்கேயே நிமிர்ந்து பார்த்துவிட்டு வண்டியேறலாம்.

ஏறத்தாழ 800 கிலோமீட்டர், இரவு முழுக்கப் பயணம். நாங்கள் ஏறியது பிளாட்ஸ்கார்ட் பெட்டி. கதவில்லாத திறந்த பெட்டியில் 54 படுக்கைகள். யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெட்டிப் பொறுப்பாளர் அம்மா உலோகக் கைப்பிடிச் சட்டத்துக்குள் வைத்த கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொண்டுவந்து தந்தார். தம்பி என் நோட்டை வாங்கிப் பத்து வட்டங்கள் போட்டான். மூன்றைக் கறுப்பாக்கினான்.

"பத்துப் பேருக்கா. ஏழு சிவப்பு, மூணு கறுப்பு. சிவப்புன்னா ஊர்க்காரங்க. கறுப்புன்னா மாஃபியா. ஊர்க்காரங்கள்ல ஒருத்தர் ஷெரீஃப். மாஃபியாவுல ஒருத்தர் டான்."

ரஷ்யச் சங்கங்களில் ஆடப்படும் போட்டி வகை மாஃபியாவின் விதிகளை அவன் அப்படித்தான் சொல்லத் தொடங்கினான். சீட்டு எடுத்ததும் எல்லோரும் கண்ணை மறைக்கும் முகமூடி போட்டுக்கொள்கிறார்கள். நடுவர், "ஊர் உறங்குகிறது" என்கிறார். கறுப்பு மூவர் மட்டும் முகமூடியைக் கழற்றி, ஒருவரையொருவர் பார்த்து, யாரை எந்த வரிசையில் தீர்ப்பது என்று சைகையிலேயே முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கண்ணால் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லை. அடுத்தடுத்த இரவுகளில் நடுவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கறுப்பு அணியில் மிஞ்சியிருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே எண்ணுக்குச் 'சுட' வேண்டும். ஒருவர் பிசகினாலும் குறி தவறும். இரவுதோறும் ஷெரீஃப் ஒருவரைச் சுட்டிக்காட்டி அவர் சிவப்பா கறுப்பா என்று நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். டான் தன் பங்குக்கு ஷெரீஃப் யாரென்று தேடுவார். பகலில் ஆளுக்கு ஒரு நிமிடப் பேச்சு. பேச்சில் ஒருவரை முன்மொழியலாம். கடைசியில் வாக்கெடுப்பு. வெளியேறியவரின் நிறத்தை யாருக்கும் காட்டுவதில்லை. ஊர் செய்தது சரியா தவறா என்பது ஆட்டம் முடியும்வரை ஊருக்குத் தெரியாது.

நம்மூரில் சீட்டு எழுதிக் குலுக்கிப்போட்டு ஆடும் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் ஆட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே போலீஸ் யாரென்று எல்லோருக்கும் தெரியும். திருடன் ஒருவன் முகத்தை மட்டும் மறைத்தால் போதும். இங்கே யார் வேண்டுமானாலும் நான்தான் போலீஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தம்பி நோட்டில் கணக்குப் போட்டான். முதல் பகலில் ஒருவர் பெயர் மட்டும் முன்மொழியப்பட்டால் வாக்கெடுப்பு கிடையாது, யாரும் வெளியேற மாட்டார்கள். அன்றிரவு ஒரு சிவப்பு போகும்: ஆறுக்கு மூன்று. மறுநாள் ஊர் தவறாக ஒரு சிவப்பை வெளியேற்றினால் ஐந்துக்கு மூன்று. இரவில் இன்னொன்று: நான்குக்கு மூன்று. அடுத்த பகலிலும் தவறினால் மூன்றுக்கு மூன்று. இரு நிறமும் சமமானால் மாஃபியா வென்றதாகக் கணக்கு. அடுத்தடுத்து இரண்டே தவறு, ஊர் கதை முடிந்தது.

இந்தச் சமநிலையைக் கணிதத்தில் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரேவர்மன், எத்தெசாமி, மோசெல் மூவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். துப்பறிபவர் யாருமே இல்லாத ஊரில், மொத்தப் பேரின் வர்க்கமூல அளவுக்குக் கறுப்பு இருந்தாலே ஆட்டம் ஏறக்குறைய சமபலம் ஆகிவிடும். பத்தாயிரம் பேர் உள்ள ஊருக்கு நூறு பேர் என்ற கணக்கு. ஆனால் துப்பறிபவர் ஒரே ஒருவர் வந்துவிட்டால், மாஃபியா ஈடுகொடுக்க மக்கள்தொகையில் ஒரு நிலையான பங்கு அளவுக்காவது இருந்தாக வேண்டும். ஒருவரின் அறிவு ஊருக்கு அவ்வளவு பலம். அந்த ஒருவரை ஊர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்தின் மொத்தச் சிக்கலும் அந்த 'அவ்வளவுதான்' என்பதில் இருக்கிறது என்பதைக் கசானில் கண்ணால் பார்த்தேன்.

பொய் சொல்பவரை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எதிர்ப்படுக்கையில் உட்கார்ந்திருந்த ரஷ்யப் பெரியவரும் அப்படித்தான் நம்பினார். தம்பி மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு, கண்ணைப் பார்த்தால் போதும் என்று தன் கண்ணையே தொட்டுக் காட்டினார். ஆய்வுகள் வேறு சொல்கின்றன. பாண்டும் டிபாலோவும் 206 ஆய்வு ஆவணங்களைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, மெய்யையும் பொய்யையும் மனிதர்கள் சரியாகப் பிரிப்பது நூற்றுக்கு 54 தடவை. நாணயத்தைச் சுண்டிப்போட்டாலே 50 கிடைக்கும். மாஃபியாவில் தேறியவர்கள் முகத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. யார் யாரை முன்மொழிந்தார், யார் கை எந்த எண்ணுக்கு விழுந்தது, யார் எப்போது கட்சி மாறினார் என்பதைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டே வருகிறார்கள்.

கசானில் மறுநாள் பகல் முழுக்க நடை. வெள்ளை மதில் சூழ்ந்த கிரெம்ளின், 2005இல் திறக்கப்பட்ட குல் ஷரீஃப் மசூதியின் நீலக் கூம்புகள், கீழே உறைந்துகிடக்கும் கசான்கா ஆறு. எல்லாம் அழகுதான், ஆனால் என்னை நிறுத்தியது லோபசெவ்ஸ்கியின் மார்பளவுச் சிலை. 1804இல் நிறுவப்பட்ட கசான் பல்கலைக்கழகத்தில் படித்து, 1827 முதல் 1846 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். யூக்ளிடின் இணைகோட்டு விதியை மறுக்கும் ஒரு விதியை எடுத்துக்கொண்டு, 'சரி, இப்படியே வைத்துக்கொள்வோம், எங்கே போய் முடிகிறது பார்ப்போம்' என்று கடைசிவரை நடந்து பார்த்தவர். முரண்பாடு எங்கும் வரவில்லை. புதிய வடிவியலே பிறந்தது. மாஃபியாவில் துப்பறியும் முறையும் இதுதான் என்று அன்றிரவு நரைத்த தலைமுடி அம்மா ஒருவர் காட்டினார்: எதிராளி சொல்வதை உடனே மறுக்காமல், உண்மை என்றே வைத்துக்கொண்டு அதன் கடைசிவரை போய்ப் பார்ப்பது.

அந்த ஊர் மாஃபியா சங்கம் கூடும் இடம் ஒரு தேநீர்க் கடையின் மாடி. வட்ட மேசை, பத்து நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னும் எண் பலகை. பார்வையாளர்கள் சுவரோரம் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. முகமூடி எங்களுக்குக் கிடையாது என்பதால் எல்லா இரகசியமும் எங்களுக்குத் தெரியும். தம்பி கைபேசியில் தமிழில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தான். இரவு வரும்போதெல்லாம் நடுவர் இசையை ஒலிக்கவிடுவார், நாற்காலி கிரீச்சிடுவதோ உடை உரசுவதோ யாரையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. சத்தியம் செய்யத் தடை. ஆண்டவன்மேல் ஆணை, பெற்றவள்மேல் ஆணை என்று யாராவது வாயெடுத்தால் அப்போதே வெளியே. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்துக்குள் எந்தப் பொய்யும் செல்லும், ஏனென்றால் பத்துப் பேரும் அதற்குச் சம்மதித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தியம் ஆட்டத்துக்கு வெளியே உள்ள வாழ்க்கையைச் சேர்ந்தது. அதை உள்ளே இழுத்துச் செலவழிக்க யாருக்கும் உரிமையில்லை.

கறுப்புச் சீட்டு விழுந்தது மூன்று, ஆறு, ஒன்பது எண்களுக்கு. ஆறாம் எண்ணில் இருந்த உயரமான பெண்தான் டான். ஐந்தாம் எண்ணில் கண்ணாடி போட்ட இளைஞர், அவர் உண்மையான ஷெரீஃப். ஏழாம் எண்ணில் கல்லூரிப் பையன் ஒருவன், சிவப்பு. எட்டாம் எண் அந்த நரைத்த தலைமுடி அம்மா. அவரும் சிவப்புதான்.

முதல் பகலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் எண் பையன் தன் ஒரு நிமிடத்தையும் தான் சிவப்பு என்று நிரூபிப்பதிலேயே செலவழித்தான். வேறு யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது என்று எட்டாம் எண் அம்மா அவனை முன்மொழிந்தார். வேறு யார் பெயரும் வராததால் வாக்கெடுப்பு நடக்கவில்லை. பையன் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். இரவில் நான்காம் எண்ணைச் சுட்டார்கள்.

இரண்டாம் பகலில் ஐந்தாம் எண் எழுந்து தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். "நான் ஷெரீஃப். இரவில் ஒன்பதைப் பார்த்தேன். கறுப்பு." அடுத்துப் பேச வேண்டியவர் டான். அந்தப் பெண் அசையவே இல்லை. "இவர் பொய் சொல்கிறார். ஷெரீஃப் நான். இரவில் நான் பார்த்தது ஏழாம் எண்ணை. சிவப்பு."

என் பக்கத்தில் தம்பியின் விரல் கைபேசிமேல் அப்படியே நின்றுவிட்டது. இரவில் பார்த்ததாக யாரையும் கறுப்பு என்று சொல்லவில்லை டான். பார்த்ததாகச் சொன்ன ஒரே செய்தியும் நூற்றுக்கு நூறு உண்மை. ஏழாம் எண் சிவப்புதான். பையனுக்கு அது தெரியும். தன்னைப் பற்றித் தனக்கு மட்டுமே தெரிந்த உண்மையை ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்றால், அவர் ஷெரீஃபாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் கண்ணி. யார் சிவப்பு என்பது ஷெரீஃபுக்குத் தேடித்தான் தெரியும். மாஃபியாவுக்கோ முதல் இரவிலேயே முழுவதும் தெரியும், தன் மூவரைத் தவிர மீதி அத்தனை பேரும் சிவப்பு. டானின் வாயிலிருந்து வரும் உண்மைக்கு விலையே இல்லை.

அன்று ஐந்துக்கு நான்கு வாக்கில் ஒன்பதாம் எண் வெளியேறினார். ஊருக்கு வெற்றிதான், ஆனால் நிறம் காட்டப்படாததால் அது வெற்றி என்று ஊருக்குத் தெரியாது. ஒன்பதுக்கு எதிராக விழுந்த ஐந்து கைகளில் ஒன்று மூன்றாம் எண்ணுடையது. தன் கூட்டாளியையே பலிகொடுத்து நம்பிக்கையை வாங்கிக்கொண்டார் அவர்.

இரவு வந்தது. வெளிப்பட்டுவிட்ட ஷெரீஃபை மாஃபியா உடனே தீர்த்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அவரைத் தொடவில்லை. பத்தாம் எண்ணைச் சுட்டார்கள். காரணம் மறுநாள் காலை விளங்கியது. அன்று முதலில் பேசிய மூன்றாம் எண் கேட்டார்: "ஐந்தாம் எண் உண்மையான ஷெரீஃப் என்றால் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறார்?" மேசை முழுக்கத் தலையாட்டல். நான் கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாம் எண்ணும் ஷெரீஃப் என்று சொல்லிக்கொண்டவர்தானே? அவரும் உயிரோடுதானே இருக்கிறார்? கேள்வி இருவருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ஒருவர்மேல் மட்டும் முதலில் வீசப்பட்டதால் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. ஆறாம் எண் இம்முறை இரண்டாம் எண்ணைச் சிவப்பு என்று அறிவித்தார். அதுவும் உண்மை. இரண்டாம் எண் உடனே அவர் பக்கம் சாய்ந்தார். நான்குக்கு மூன்றில் ஷெரீஃப் வெளியேற்றப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சுவரோரம் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த இரவில் முதலாம் எண்ணும் போனார்.

மிச்சம் ஐந்து பேர்: இரண்டு, மூன்று, ஆறு, ஏழு, எட்டு. கடைசி வாய்ப்பு. மூன்று சிவப்பும் ஒன்றாகக் கை வைத்தால்தான் ஊர் பிழைக்கும். ஆறாம் எண் அமைதியாக, மிச்சமிருக்கும் கறுப்பு எட்டாம் எண்தான் என்று முன்மொழிந்தார். பையன் ஆமோதித்தான். பிறகு எட்டாம் எண் அம்மாவின் நிமிடம்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆறாம் எண் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஏழும் இரண்டும் சிவப்பு. அவர் கணக்கில் மிஞ்சுவது மூன்றும் நானும். என்னைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். மூன்றைப் பாருங்கள். ஐந்தின் பேச்சை நம்பி ஒன்பதை வெளியேற்றினார். மறுநாள் ஐந்தையே வெளியேற்றினார். இரண்டாம் எண்ணும் அப்படித்தான் செய்தார், ஆனால் நடுவில் அவரைச் சிவப்பு என்று ஒருவர் சொன்னார், மனம் மாறக் காரணம் இருந்தது. மூன்று அன்று முதலில் பேசியவர். புதிதாக ஒன்றும் காதில் விழுவதற்கு முன்பே மாறிவிட்டார். ஷெரீஃப் என்பவருக்கு இது கண்ணில் படாமல் இருக்குமா? ஆறாம் எண் இன்றுவரை மூன்றைத் தொடவே இல்லையே, ஏன்? ஏழாம் எண்ணே, உங்களைச் சிவப்பு என்று அவர் சொன்னது சரிதான். தேடித் தெரிந்துகொண்டு சொன்னாரா, முதல் இரவிலிருந்தே தெரிந்து சொன்னாரா என்று மட்டும் யோசியுங்கள்." அதற்குள் நடுவரின் கடிகாரம் அவரை நிறுத்திவிட்டது.

இரண்டாம் எண்ணின் முகம் மாறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் தன் பேச்சில் எட்டாம் எண் பக்கம் வந்துவிட்டார். இனி எல்லாம் பையன் கையில். எட்டாம் எண்ணை வெளியேற்ற வாக்கு கேட்டார் நடுவர். ஆறு. மூன்று. ஓர் இழுப்புக்குப் பிறகு பையனின் கையும் மேசைமேல் வந்து விழுந்தது. மூன்றுக்கு இரண்டு. மாஃபியா வென்றது.

அத்தனை தருக்கமும் சரியாக இருந்தும் ஊர் தோற்றது எனக்கு உண்மையாகவே வலித்தது. கீழே இறங்கி எல்லோரும் ஒரே மேசையில் தேநீர் குடித்தோம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட எச்போச்மாக் முக்கோணங்கள் தட்டில் ஆவி பறக்க இருந்தன. ஆட்டத்தை முதலிலிருந்து பிரித்துப் பேசுவது அங்கே வழக்கம். ஏழாம் எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தம்பி மூலம் டானிடம் கேட்டேன்.

"முதல் பகலில் அவர் பேசியதைக் கேட்டீர்கள்தானே?" என்றார் அந்தப் பெண். "தன்னை யாராவது நல்லவன் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தார். கறுப்பு யார் என்ற கவலை அவரிடம் இல்லை. எட்டாம் எண் அவரைக் குற்றம் சொன்னதும், நான் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது."

பையன் ஒளித்துப் பேசவில்லை. எட்டாம் எண் சொன்னது அத்தனையும் புரிந்தது என்றான். ஆனாலும் முதலில் தன்மேல் சந்தேகப்பட்டவர் அவர், முதலில் தன்னை நம்பியவர் ஆறாம் எண், அந்த நேரத்தில் கை தானாகப் போய்விட்டது என்றான்.

மாஃபியாவைப் பற்றிப் படித்ததிலெல்லாம் நான் பொய்யரின் திறமையையே தேடியிருந்தேன். கசானில் பார்த்தது, அந்தத் திறமைக்கு ஊர் தானே திறந்துவைத்த கதவை. ஏழு சிவப்பும் உண்மையைத் தேடவே அங்கே உட்கார்ந்தவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தான் குற்றமற்றவர் என்ற சான்றிதழைத்தான் முதலில் தேடினார்கள். அதை எழுதிக்கொடுக்க டான் தயாராக இருந்தார். உண்மையான ஷெரீஃபுக்கோ, கறுப்பு யார் என்பதைத் தவிர ஊருக்குக் கொடுக்க எதுவும் இல்லை.

எட்டாம் எண் அம்மா இன்னொரு எச்போச்மாக்கை எடுத்துப் பையனின் தட்டில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தம்பியிடம் ஏதோ சொன்னார். தம்பி சொன்னான்: "அடுத்த ஆட்டத்துல கறுப்பைத் தேடுறதுக்கு முன்னாடி, யாரைச் சிவப்புன்னு நம்புறேன்னு முதல் நிமிஷத்துலயே சொல்லிடுவாங்களாம்க்கா. அந்த வேலையை மாஃபியாகிட்ட விட்டதுதான் தப்பாம்." மேலே நடுவர் எண் பலகைகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். ஓர் இடம் காலியாக இருக்கிறது, தம்பி காதில் மொழிபெயர்த்துச் சொல்ல அனுமதி உண்டு, உட்காருகிறீர்களா என்று கேட்டு ஆளனுப்பினார். நான் தேநீரை முடித்துவிட்டு மாடியேறினேன்.